பெரிய தெருவைக் கற்றுக்கொண்ட பெட்டி

தும்பைமேட்டின் பெரிய தெருவை விட்டுச் சத்தம் போனது, காத்தாயி அத்தையை நாங்கள் சுடுகாட்டுக்கு எடுத்துப் போன அன்று. வானத்தில் எந்த அடையாளமும் தெரியவில்லை, நாய் ஊளையிடவில்லை, பால் சொசைட்டியில் அளவு குறைகிறதென்று எப்போதும் நடக்கும் சண்டை நடந்துகொண்டிருந்தது, மினி பஸ் எப்போதும்போல் தாமதமாக வந்து எப்போதும்போல் எங்கள் நிறுத்தத்தில் நிற்காமல் போனது. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் அன்று காலையிலிருந்தே காற்று ஒரு மாதிரி இருந்ததென்றும் சாமி உத்தரவு கேட்டதென்றும் பிற்பாடு அந்தத் தெருக்காரர்கள் கதை கட்டினார்கள். சாமி எந்த உத்தரவும் போடவில்லை. எங்கள் ஊரில் உத்தரவு போட்டதெல்லாம் மனுசர்கள்தான்.

எங்கள் குடியிருப்பிலிருந்து சுடுகாட்டுக்கு வேறு வழி கிடையாது, பெரிய தெருவின் நடுவாகத்தான் போயாக வேண்டும். பிணம் போகலாம், பிணத்தைத் தூக்குகிறவர்கள் போகலாம், வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறவர்கள் போகலாம், சத்தம் மட்டும் போகக் கூடாது. பால் சொசைட்டி முனை வந்ததும் மேளம் நிற்க வேண்டும், தெருவின் மறுகோடியில் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டிய பிறகு வேண்டுமானால் அடித்துக்கொள்ளலாம். ஏன் என்று கேட்டால் கோயில் இருக்கிறது என்பார்கள், கோயிலில் நீங்களே ஒலிபெருக்கி கட்டியிருக்கிறீர்களே என்றால் வயசானவர்கள் இருக்கிறார்கள் என்பார்கள், வயசானவர்கள் எங்கள் பக்கமும்தான் இருக்கிறார்கள் என்றால் பிள்ளைகள் பரீட்சைக்குப் படிக்கிறார்கள் என்பார்கள், அதை மே மாதத்திலும் சொல்வார்கள். அவர்கள் வீட்டில் ஒரு சாவு விழுந்தால் போடுகிற வெடியில் எங்கள் வீட்டுத் தட்டுகள் பரணிலிருந்து கீழே விழும். அந்த வெடிக்குப் பரீட்சை கிடையாது.

என் அண்ணன் செங்குட்டுவன், ஊருக்குக் குட்டுவன், டிஜே. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, சாவு, எதுவானாலும் மாசிலாமணியின் லோடு வண்டியில் ஸ்பீக்கர்களை ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டு போய்விடுவான். புதுச்சேரியில் ஒரு ஓட்டலில் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்த ஒருவன் துபாய்க்குக் கிளம்பும்போது விட்டுவிட்டுப் போன மிடி கன்ட்ரோலர் ஒன்று அவன் கைக்கு வந்த நாளிலிருந்து அவன் சோறு தின்னும்போதும் அது மடியில் இருந்தது. பலகாரத் தட்டு அளவுக்குக் கறுப்பாக ஒரு பெட்டி, மேலே வரிசையாகத் திருகுகள், கீழே அமுக்கினால் விளக்கெரியும் ரப்பர் பட்டன்கள், ஓரத்தில் மேலும் கீழும் தள்ளுகிற குச்சிகள். அதில் பாட்டு இருக்கிறதா என்று எங்கள் அம்மா அஞ்சலாட்சி கேட்டாள். அதில் பாட்டெல்லாம் கிடையாதென்றும், அது தன்னால் ஒரு சத்தமும் போடாதென்றும், இதைச் செய் அதை நிறுத்து என்று லேப்டாப்புக்கு உத்தரவு மட்டும் அனுப்புமென்றும், எந்தப் பட்டனுக்கு எந்த உத்தரவு என்பதை நாம்தான் முடிச்சுப் போட்டுத் தர வேண்டுமென்றும் அண்ணன் விளக்கினான்.

"தான் ஒண்ணும் செய்யாம உத்தரவு மட்டும் போடுதா" என்றாள் அம்மா. "அப்ப துளசிராமன் வூட்ல பொறந்திருக்க வேண்டியது."

துளசிராமன் பெரிய தெருவின் நடு வீட்டுக்காரர், முன்னாள் தலைவர், பதவி போனாலும் எல்லோரும் தலைவர் என்றே கூப்பிட்டுப் பழகிவிட்ட ஆள்.

அண்ணன் பெட்டிக்கு முடிச்சுப் போட்டதைப் பார்க்க வேண்டும். கம்பெனி அச்சடித்திருந்த பெயர்களெல்லாம் அவனுக்கு வேண்டாம், வெள்ளைப் பிளாஸ்திரியைக் கிழித்து ஒட்டி அவனே பெயர் எழுதினான். குரலைத் திருப்பித் திருப்பிச் சொல்லும் எக்கோவுக்குக் கிணறு என்று பெயர். கூர்மையான சத்தத்தையெல்லாம் வழித்தெடுத்துவிட்டு அடிவயிற்றுச் சத்தத்தை மட்டும் விடுகிற ஃபில்டருக்குப் போர்வை. பாட்டைத் துண்டு துண்டாக வெட்டி ஒரே இடத்தில் துடிக்க வைக்கிறதற்கு விக்கல். எங்கோ பெரிய கட்டடத்துக்குள் கேட்பதுபோல ஆக்குகிறதற்குக் கல்யாண மண்டபம். கடைசி வரிசையில் கடைசிப் பட்டனில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் படித்ததும் எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. பெரிய தெரு என்று எழுதியிருந்தான்.

சொசைட்டி முனையில் அமுக்குவதற்கென்றே ஒரு பட்டன். அமுக்கினால் ஸ்பீக்கரில் ஓடுகிற மேளம் சட்டென்று நிற்காது, முதலில் போர்வைக்குள் போகும், அங்கிருந்து கிணற்றுக்குள் இறங்கும், பிறகு தூரத்து மண்டபத்துக்குப் போய்த் தேய்ந்து தேய்ந்து இல்லாமல் போகும். ஆனால் உள்ளுக்குள் பாட்டு ஓடிக்கொண்டேதான் இருக்கும், யாருக்கும் கேட்காது, அவ்வளவுதான். தொட்டியைத் தாண்டி மறுபடி அமுக்கினால் நின்ற இடத்திலிருந்து இல்லாமல், இவ்வளவு நேரம் ஓடியிருந்தால் எங்கே வந்திருக்குமோ அங்கேயிருந்து வரும். தெரு முழுக்க சத்தமில்லாமல் நடந்துவந்த எங்கள் சனங்களின் கால் அந்தத் தாளத்திலேயே விழுந்துகொண்டிருக்கும், ஒரு எட்டுக்கூட பிசகாது.

அழகாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் படிக்கிறவள், விடுமுறைக்கு வந்திருந்தேன், பையைக் கூட இறக்கி வைக்கவில்லை, அவனிடம் சண்டைக்குப் போனேன்.

"அவமானத்துக்குப் பட்டன் வெச்சிருக்கியாண்ணா? அதுக்கு விளக்கு வேற எரியுது."

"அவன் நிறுத்துன்னு சொல்லி நான் நிறுத்தறது வேற மதி. அவன் வாயைத் தொறக்கறதுக்கு முன்னாடி நானா அமுக்கறது வேற."

"ரெண்டுலயும் நிக்கறது நம்ம மேளந்தான?"

"வெளியதான் நிக்குது" என்று சொல்லி, பெட்டியைத் துணியால் துடைத்தான். "உள்ள ஓடிக்கினுதான இருக்குது."

உள்ளே ஓடுவதை வைத்துக்கொண்டு என்ன செய்வது, உள்ளே ஓடுகிறது என்று எத்தனை தலைமுறைக்குச் சொல்லிக்கொண்டிருப்பது என்று நான் கேட்டேன், நீ வந்து வண்டியில் உட்கார்ந்து பார், முனையில் அவர்கள் நிற்கிற நிலையைப் பார், பிறகு பேசு என்று அவன் சொன்னான். அதனால்தான் காத்தாயி அத்தையை எடுத்த அன்று நான் வண்டியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அதனால்தான் நடந்ததை நடந்தபடி சொல்ல முடிகிறது.

வெயிலில் லேப்டாப் சூடேறி அணைந்து மறுபடி எழுந்தது, எழுந்தபோது கடைசிப் பட்டனுக்குப் போட்டிருந்த முடிச்சு மட்டும் அவிழ்ந்திருந்தது. வண்டி சொசைட்டி முனைக்கு வந்துவிட்டது, அமுக்குகிறான், மேளம் நிற்கவில்லை. முனையில் எப்போதும் நிற்கிற ஆட்கள் நின்றார்கள், துளசிராமனின் இளைய மகன் தணிகாசலம் முன்னால் நின்றான். லேர்ன் என்று ஒரு வசதி உண்டு, அதைத் தட்டிவிட்டால் லேப்டாப் காத்துக்கொண்டிருக்கும், எதைக் காட்டுகிறோமோ அதையும் எந்தப் பட்டனைத் தொடுகிறோமோ அதையும் சேர்த்து முடிச்சுப் போட்டுக் கற்றுக்கொள்ளும். அண்ணன் அவசர அவசரமாக லேர்னைத் தட்டினான், பாட்டின் வால்யூமைக் காட்டப் போனான், அதற்குள் தணிகாசலம் வண்டியின் பக்கத் தகட்டில் ஓங்கி அடித்து, நிறுத்துடா என்று கத்தினான், அண்ணன் நிமிர்ந்து தெருவைப் பார்த்தான், கோயில், மாடி வீடுகள், மின்கம்பங்கள், கோடியில் தண்ணீர்த் தொட்டி என்று முழுத் தெருவையும் பார்த்தான், பார்த்தபடியே பட்டனை அமுக்கினான், பெட்டி தெருவைக் கற்றுக்கொண்டது.

தெருவுக்கு உள்பக்கம் நின்ற தணிகாசலத்தின் வாய் மேலும் கொஞ்ச நேரம் அசைந்தது. நாங்கள் தெருவுக்குள் போனோம், பாட்டு இல்லை, காலடி இல்லை, அத்தையின் மகள் நெஞ்சில் அடித்துக்கொண்டது கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான். தொட்டியைத் தாண்டியதும் எல்லாம் வந்தது. எங்களில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அந்தத் தெருவில் எங்களுக்கு என்றைக்கும் சத்தம் இருந்ததில்லை, புதிதாக எதைக் கவனிப்பது?

பெரிய தெருக்காரர்கள் முதலில் காது போய்விட்டதென்று நினைத்தார்கள், வேன் பிடித்துக் குடும்பம் குடும்பமாக டவுன் டாக்டரிடம் போனார்கள், வேன் தொட்டியைத் தாண்டியதும் காது வந்துவிட்டது, வந்த வழியே திரும்பினார்கள், தெருவுக்குள் நுழைந்ததும் போய்விட்டது. தெருவில்தான் கோளாறு என்று புரிந்தபின் அவர்கள் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. மனுசர்கள் எதற்கும் பழகிக்கொள்வார்கள், வசதியான மனுசர்கள் சீக்கிரம் பழகிக்கொள்வார்கள். கோயில் மணியின் நாக்கில் சிவப்புத் துணியைக் கட்டி, துணி ஆடினால் பூசை என்று வைத்துக்கொண்டார்கள். குக்கர் எத்தனை விசில் விட்டதென்று தெரியாமல் அந்தத் தெருவே குழைந்த சோறு தின்றது, பிறகு குழைந்த சோறுதான் வயிற்றுக்கு நல்லது என்று சொல்லத் தொடங்கியது. பேரன் பேத்திகளைத் தாத்தாக்கள் கைவிளக்கை அடித்துக் கூப்பிட்டார்கள். சண்டை போட வேண்டுமென்றால் புருசனும் பெண்டாட்டியும் சொசைட்டி முனைவரை நடந்துவந்து போட வேண்டியிருந்தது, வந்து சேர்வதற்குள் பாதிச் சண்டை மறந்துபோனது, அதனால் தெருவில் குடும்பங்கள் முன்னைவிட ஒற்றுமையாக இருப்பதாகத் துளசிராமன் பெருமையாகச் சொன்னார். டவுனிலிருந்து ஒரு யோகா மாஸ்டர் வந்து பார்த்துவிட்டு, இவ்வளவு அமைதியான தெருவை இமயமலையில்கூடப் பார்த்ததில்லை என்று சொல்லி, அங்கே ஒரு வீட்டை வாடகைக்குக் கேட்டார்.

செல்போனில் பேசுகிறவர்களெல்லாம் முனைக்கு வந்தார்கள். முனையில்தான் எங்கள் குடிநீர்க் குழாய் இருக்கிறது. தண்ணீர் பிடிக்க நின்ற எங்கள் பெண்களுக்கு அந்தத் தெருவின் சர்க்கரை அளவும் தெரிந்தது, எந்தப் பையன் சென்னையில் யாரோடு இருக்கிறான் என்பதும் தெரிந்தது, எந்த மருமகள் எப்போது தன் அம்மாவிடம் அழுகிறாள் என்பதும் தெரிந்தது. சாதாரணமாக எங்களைக் கண்டால் தள்ளி நிற்கிறவர்கள், சிக்னல் நன்றாகக் கிடைக்கிறதென்று குழாயை ஒட்டியே நின்று பேசினார்கள்.

பிறகு அந்தத் தெருவில் ஒரு சாவு வந்தது. துளசிராமனின் பெரியம்மா, நல்ல சாவுதான். வெடியை வைத்தார்கள், புகை வந்தது, வேட்டு வரவில்லை. பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள், வாய் திறந்து மூடியது, ஒருத்தியின் துக்கம் அடுத்தவளுக்குப் போய்ச் சேரவில்லை, கொஞ்ச நேரத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியில் பாடையைத் தூக்கிக்கொண்டு, சுடுகாட்டுக்கு எதிர்த்திசையில், சொசைட்டி முனைக்கு வந்தார்கள். முனையில் இறக்கி வைத்து அழுதார்கள். அழுகைச் சத்தம் கேட்டு எங்கள் பெண்கள் குடத்தை வைத்துவிட்டு வந்து, சத்தம் கேட்டால் அழுதுவிடுகிற பழக்கத்தில், அவர்களோடு சேர்ந்து அழுதார்கள். என் அம்மாவும் அழுதாள். அதை எனக்குப் போனில் சொன்னபோது, இத்தனை வருசம் நம் பிணங்கள் எப்படிப் போனதென்று அவர்களில் ஒருத்தியாவது அன்று நினைத்திருப்பாளா என்று கேட்டேன். நெனச்சிருந்தா மட்டும் என்னடி சொல்லிடப் போறாளுங்க என்றாள் அம்மா.

தணிகாசலத்துக்குத்தான் அந்தப் பட்டன் ஞாபகம் வந்தது. அவன் போய் அப்பாவிடம் சொன்னான், துளசிராமன் முனைக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து அண்ணனுக்கு ஆள் அனுப்பினார். அந்த வார இறுதியில் நானும் ஊரில் இருந்தேன், கூடப் போனேன். எங்கள் பக்கத்து ஆட்களும் வந்து நின்றார்கள். அண்ணனை அவர் தம்பி என்று கூப்பிட்டார். டேய் என்பதைத் தவிர அவர் வாயில் எங்களுக்கு வேறு சொல் இருந்ததை அன்றுதான் கேட்டேன்.

அண்ணன் வீட்டில் வைத்து எத்தனையோ தடவை அமுக்கிப் பார்த்திருந்தான், ஒன்றும் நடக்கவில்லை. பெட்டி எங்கே வைத்துக் கற்றுக்கொண்டதோ அங்கே, முனையில் நின்று, தெருவைப் பார்த்துத்தான் அமுக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது, அதைச் சொன்னான். அப்படியானால் இப்போதே அமுக்கிவிட்டுப் போப்பா என்றார் துளசிராமன். அமுக்குகிறோம், இனிமேல் எங்கள் பிணமும் இந்தத் தெருவில் சத்தத்தோடு போகும், அதை மட்டும் நாலு பேர் முன்னால் சொல்லிவிடுங்கள் என்று மாசிலாமணி கேட்டான்.

"அது வேற விசயம், இது வேற விசயம்" என்றார் துளசிராமன். "ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க."

எனக்கு வாய் சும்மா இருக்காது. இரண்டும் ஒரே விசயம்தான், ஒரே தெரு, ஒரே சத்தம், இத்தனை நாளும் பட்டன் உங்கள் கையில் இருந்தது, இப்போது எங்கள் கையில் இருக்கிறது, வேறென்ன வித்தியாசம் என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, அண்ணனைப் பார்த்தே சொன்னார், "படிச்ச பொண்ணு. பேசும்." நாற்காலியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பிறகு தாசில்தாரிடம் மனு கொடுத்தார்கள். தாசில்தார் வந்தார், தெருவுக்குள் போய்த் தன் ஜீப்பின் சத்தமே கேட்காமல் கொஞ்ச நேரம் நின்றார், ஊரில் அமைதி நிலவுகிறது என்று எழுதி மேலே அனுப்பினார்.

நான் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினேன். தினமும் அண்ணனோடு போனில் பேசினேன். விட்டுக்கொடுக்காதே, இப்படி ஒரு பிடி இனிமேல் நமக்குக் கிடைக்காது என்று நான் சொல்வேன். ஆமா ஆமா என்பான். ஒருநாள் ஆமா சொல்லவில்லை. சுகந்தி என்று ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னான். துளசிராமனின் மூத்த மருமகள், கைப்பிள்ளைக்காரி. தெருவில் சத்தம் போன பிறகுதான் பிள்ளை பெற்றிருக்கிறாள், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அது அழுது அவள் கேட்டதில்லை. பிள்ளையின் காலில் ஒரு நூலைக் கட்டி மறுமுனையைத் தன் விரலில் கட்டிக்கொண்டு படுக்கிறாளாம். ஒருநாள் அசந்து தூங்கிவிட்டாள், நூல் அவிழ்ந்திருக்கிறது, எழுந்து பார்த்தால் பிள்ளை அழுது அழுது நீலம் பாரித்துக் கிடந்திருக்கிறது. யாருக்கும் தெரியாமல் குழாயடிக்கு வந்து அண்ணனிடம், "எம்புள்ள அழுவறது எனக்குக் கேக்கணும்ண்ணா, வேற ஒண்ணும் வேணாம்" என்று சொன்னாளாம்.

"அவ மாமனார்கிட்டப் போய்ச் சொல்லச் சொல்லு" என்றேன் நான். "நம்ம சாவு சத்தத்தோட போவும்னு அந்தாளு சொல்லட்டும், அடுத்த நிமிசம் அமுக்கு."

"புள்ளைக்கு இன்னாடி தெரியும் இந்தப் பஞ்சாயத்தெல்லாம்."

"நம்ம புள்ளைங்களுக்குத் தெரியுதே."

"மதி, நான் சத்தம் போடறவன்" என்றான். "சத்தத்தை நிறுத்தறது என் தொழில் இல்ல. அவங்க வாக்குக் குடுத்தாலும் குடுக்காட்டியும் நான் போய் அமுக்கிடறன். அடுத்த சாவுக்கு நிறுத்தாம போறன், என்ன பண்றாங்க பாக்கலாம்."

மறுநாள் நடுப்பகல், பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு லேப்டாப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு தனியாகப் போனான். சொசைட்டிப் படியில் உட்கார்ந்து ஒயரைச் செருகிக்கொண்டிருந்தபோது தணிகாசலமும் அவன் கூட்டாளிகளும் வந்தார்கள். குழாயடியில் நின்ற எங்கள் பெண்கள் பார்த்தார்கள். வந்தவர்கள் அவனிடம் என்னவோ கேட்டார்கள், அவன் சிரித்துக்கொண்டே என்னவோ சொன்னான், சட்டையைப் பிடித்தார்கள். முனையில் வைத்து அடிக்கவில்லை. முனையில் கத்தினால் கேட்கும். இழுத்துக்கொண்டு தெருவுக்குள் போனார்கள். எங்கள் பெண்கள் கத்திக்கொண்டே ஓடினார்கள், தெருவுக்குள் காலை வைத்ததும் அவர்கள் கத்தலும் இல்லாமல் போனது. கோயிலுக்கும் துளசிராமன் வீட்டுக்கும் நடுவே, வெயில் உச்சியில் நிற்கிற நேரத்தில், இரண்டு பக்கமும் சன்னல்கள் திறந்திருக்க, என் அண்ணனை அடித்துக் கொன்றார்கள். பெட்டியைச் சாக்கடையில் எறிந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் என்னிடம் நிதானமாகத்தான் பேசினார். எங்கள் பெண்கள் சொல்வது மட்டும் போதாதாம், எல்லோரும் சொந்தக்காரர்கள், கோர்ட்டில் நிற்காதாம், தெருக்காரர்களில் ஒருவராவது பார்த்தேன் என்றோ கேட்டேன் என்றோ சொன்னால் கேஸ் பிழைக்குமாம். தெருக்காரர்களைக் கேட்டார். எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். சத்தம் கேட்டால்தானே சார் எட்டிப் பார்ப்போம்.

அதில் பொய்கூட இல்லை.

அண்ணனை எடுத்த அன்று தெருவின் இரண்டு பக்கமும் போலீஸ் நின்றது. பெரியவர்கள் சிலர் பேசாமல் போய்விடுவோம், எப்படியும் அங்கே சத்தம் கேட்காது என்றார்கள். அம்மா அழுகையை நிறுத்தி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "எம்புள்ள சத்தத்தோட போவணும்" என்றாள். "அந்தத் தெருவுக்குச் சத்தம் வந்தாத்தான் எம்புள்ளைக்கும் வரும். மதி, அமுக்கு."

சாக்கடையிலிருந்து எடுத்த பெட்டியை மாசிலாமணி கழுவிக் காயவைத்திருந்தான். ஒரு மூலை உடைந்திருந்தது, பிளாஸ்திரிகள் நனைந்து சில பெயர்கள் கரைந்திருந்தன, சொசைட்டிப் படியிலேயே கிடந்த லேப்டாப்பில் ஒயரைச் செருகியதும் விளக்குகள் எரிந்தன. அண்ணன் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தேன். வண்டி முனைக்கு வந்தது. தெருக்காரர்கள் வாசல்களில் நின்றார்கள். நான் கோயிலைப் பார்த்தேன், மாடி வீடுகளைப் பார்த்தேன், தொட்டிவரைக்கும் பார்த்தேன். பட்டனை அமுக்கினேன்.

தெருவுக்குச் சத்தம் வந்தது. முதலில் எங்கள் மேளம் வரவில்லை, அத்தையை எடுத்த அன்றிலிருந்து அந்தத் தெரு சேர்த்து வைத்திருந்ததெல்லாம் வைத்த வரிசையில் வந்தது. அண்ணன் சொன்னது சரிதான், உள்ளே ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. முதலில் தணிகாசலத்தின் பாதியில் நின்ற கத்தல் வந்தது, காத்தாயி அத்தையின் மகள் அழுதது வந்தது, கோயில் மணி நாள் தவறாமல் அடித்தது, குக்கர்கள் விசிலடித்தன, மிக்ஸிகள் இரைந்தன, கூப்பிட்டுக் கேட்காத பெயர்களெல்லாம் வீடு வீடாகக் கூப்பிட்டன, துளசிராமனின் பெரியம்மாவுக்கு வைத்த வெடிகள் அவள் எரிந்து சாம்பலான பிறகு வெடித்தன, ஒப்பாரி வைத்த பெண்கள் தங்கள் ஒப்பாரியைத் தாங்களே கேட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள், ஒரு கைக்குழந்தை விடாமல் அழுதுகொண்டே இருந்தது. பாடையைத் தூக்கியவர்கள் தோள் மாற்றாமல் நின்றார்கள். பிறகு மற்றதெல்லாம் ஓய்ந்து, நடுப்பகல் நேரத்தின் சத்தம் வந்தது, காக்கை, தூரத்தில் ஒரு டிராக்டர், தரையில் தேய்கிற கால்கள். அதற்கப்புறம் என் அண்ணன் பேசினான்.

"தணிகாசலண்ணே. அண்ணே, கையை வுடுங்கண்ணே. சத்தத்தைத் திருப்பிக் குடுக்கத்தாண்ணே வந்தன். ஒரே ஒரு பட்டன்ணே, அமுக்கிட்டுப் போயிடறன்."

அவன் கத்தவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தான், ஒவ்வொரு பெயராகச் சொல்லி, ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் அண்ணே என்று சேர்த்து. அவன் சொன்ன ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வாசலில் யாரோ கதவைப் பிடித்துக்கொண்டார்கள். எதிர்வீட்டுக்காரர் பெயரைச் சொல்லி எட்டிப் பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டான். தலைவரே என்று கூப்பிட்டான். அடி விழுகிற சத்தம் கேட்டது, அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. கடைசியில் அம்மாவைக் கூப்பிட்டான், பாடையின் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்த அம்மா, "வர்றன் சாமி" என்று பதில் சொன்னாள்.

அதன் பிறகுதான் எங்கள் மேளம் வந்தது. இவ்வளவு நேரமும் ஓடியிருந்தால் எங்கே இருக்குமோ அங்கேயிருந்து வந்தது, எங்கள் சனங்களின் கால் அதில் விழுந்தது. பெரிய தெருவின் நடுவாக, கோயிலைத் தாண்டி, துளசிராமன் வீட்டைத் தாண்டி, தொட்டியைத் தாண்டி, நிறுத்தாமல் போனோம். ஒருவரும் தடுக்கவில்லை.

சுடுகாட்டிலிருந்து திரும்பியதும் நான் இன்ஸ்பெக்டரைக் கையோடு கூட்டிக்கொண்டு தெருவுக்குப் போனேன். அவரும் முனையில் நின்று கேட்டவர்தான், நீங்களே கேட்டீர்களே என்றேன், நான் கேட்டது வேறம்மா, சாட்சி வேற என்றார். வீடு வீடாகப் போனோம். எல்லா வீட்டிலும் டிவி ஓடிக்கொண்டிருந்தது, குழம்பு தாளித்துக்கொண்டிருந்தார்கள், அந்தத் தெரு தன் சத்தத்தை வைத்துக்கொண்டு எவ்வளவு சந்தோசமாக இருந்ததென்று சொல்லி முடியாது. எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை சார் என்றார்கள். எங்கள் தெருவில்தான் சத்தமே இல்லையே சார், என்ன கேட்கும் என்றார்கள். எதிர்வீட்டுக்காரர் டிவியின் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு, என்ன கேட்டீங்க, சரியாக் காதுல விழல என்றார். துளசிராமன் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், என் பக்கம் திரும்பாமலே, செத்தவன் பேசறான்னு எழுதுவீங்களா சார், எழுதுங்க, கோர்ட்டுல சிரிப்பாங்க என்றார்.

சுகந்தி உள்ளேயிருந்து பிள்ளையோடு வந்தாள். அவளைத்தான் நான் நம்பியிருந்தேன். இன்ஸ்பெக்டர் கேட்டார், ஏம்மா, உனக்கு ஏதாவது கேட்டுதா. அவள் என்னைப் பார்த்தாள், கண் சிவந்திருந்தது, வாயைத் திறந்தாள், நாற்காலியில் மாமனாரின் முதுகு அசையவில்லை. தோளில் கிடந்த பிள்ளை வீறிட்டு அழுதது. தெருக்கோடிவரை கேட்டிருக்கும், அப்படி அழுதது.

சுகந்தி அதன் வாயைக் கையால் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.